படம் ஏன் நிற்கவில்லை? வீட்டுச் சுவரில் படம் மாட்டும்போது வரும் கோளாறுகளும் அவற்றுக்கான கைவைத்தியமும்

தர்மபுரி கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலில் கல்தூண் தரையில் படாமல் தொங்குகிறது. அடியில் காகிதத்தை நுழைத்து மறுபக்கம் எடுத்துக் காட்டுவார்கள். நம் வீட்டில் ஒன்றரைக் கிலோ படம் ஒரு மாதம் நேராக நிற்க மாட்டேன் என்கிறது.

நான் மூன்று விதமான சுவர்களோடு மல்லுக்கட்டியவன். சிறுவயதில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கருங்கல் சுவர். அப்புறம் தர்மபுரியில் செங்கல் கட்டிய வாடகை வீடு. இப்போது கிருஷ்ணகிரிக்கு வெளியே ஹாலோ பிளாக், அதாவது உள்ளே பொந்து விட்ட சிமெண்ட் கல்லில் கட்டிய வீடு. மூன்றிலும் பார்த்த ஒரே விஷயம் இதுதான்: நாம் படத்துக்காக ஆணி அடிப்பதில்லை, இருக்கிற ஆணியில் படத்தை மாட்டுகிறோம். எந்த வருடத்துக் காலண்டருக்கோ அடித்த ஆணி சும்மா இருக்கிறதே என்று கல்யாண போட்டோ அங்கே ஏறிவிடுகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த ஆணியில் தொடங்குபவை.

உங்கள் வீட்டுக் கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஆணி அடித்தால் சாந்து பொலபொலவென்று கொட்டுகிறது

உள்பக்கச் சுவரில் சிமெண்ட் பூச்சு பெரும்பாலும் அரை அங்குலம்தான், அதாவது 12 முதல் 15 மில்லிமீட்டர். ஓரங்குல ஆணி அடித்தால் பாதி பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடும். செங்கல்லைப் பிடிக்க அதற்கு நீளம் போதாது. நாலு அடி கூடப் போட்டால் சுற்றிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, ஆணி சாந்தோடு கையில் வரும்.

வீடு கட்டியபோது மேஸ்திரி ஒருவர் எனக்குக் காட்டிக்கொடுத்தது: "தம்பி, சுத்தியல எடுக்கறதுக்கு முன்னாடி செவுத்தத் தட்டிக் கேளு." விரல் முட்டியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகக் கேட்கும் இடம் நல்ல இடம். பானையைத் தட்டினாற்போல் கேட்டால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஆணியும் அடிக்கக் கூடாது, டிரில்லும் போடக் கூடாது.

சத்தம் முதல் சோதனை என்றால் அடுத்தது தூளின் நிறம். டிரில்லுக்குக் கீழே மடித்த காகிதத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவையுங்கள். வீட்டுக்காரம்மாவின் கோபத்துக்கும் அது மருந்து. முதலில் வருவது சாம்பல் நிறப் பூச்சுத் தூள். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். நல்ல காலம், வேலை சுலபம். சாம்பல் நிறமே தொடர்ந்து, ஒன்றரை அங்குலம் பக்கம் போனதும் டிரில் திடீரென்று பள்ளத்தில் விழுந்ததுபோல் உள்ளே போனால் ஹாலோ பிளாக். மாவு மாதிரி வெள்ளையாக, வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனால் ஏஏசி பிளாக், அதாவது எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல். சாம்பல் தூள் சிட்டிகை சிட்டிகையாக வந்து கை மட்டும் அதிர்ந்தால் கான்கிரீட். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

செங்கல்லுக்கு 6 மி.மீ. பிட் (டிரில்லில் மாட்டும் துளைக்கும் முனை), 6 மி.மீ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்), ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. சாதாரணப் படங்களுக்கு இது தாராளம். துளை பிளக்கின் நீளத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக் போட்டால் பாதியில் நின்றுகொள்ளும். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் மூடாமல் ஊதி ஒரு சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் போட்டால் பின்னால் பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூவை முறுக்கும்போது உள்ளே சிறகு விரிந்து சுவரின் பின்பக்கத்தைக் கவ்வும் பிளக் கடைகளில் கிடைக்கிறது. "ஹாலோ பிளாக்குக்குப் போடற பிளக்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஏஏசி பிளாக்குக்கும் தனி பிளக் உண்டு. அங்கே டிரில்லின் ஹாமரை, அதாவது தட்டித் தட்டித் துளைக்கும் இயக்கத்தை, அணைத்துவிட்டுத் துளையிட வேண்டும், இல்லையென்றால் துளை பெரிதாகிக் கொழகொழத்துப் போகும்.

மண் சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் டிரில்லே வேண்டாம். பழைய வீடுகளில் கட்டும்போதே மர முளைகளைச் சுவருக்குள் வைத்துக் கட்டியிருப்பார்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்து முளை கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும், தட்டினால் மரச் சத்தம் கேட்கும். ஆணியை அந்த முளையில் அடியுங்கள்.

டிரில் போகவே மாட்டேன் என்கிறது

இது மூன்று இடங்களில் நடக்கும். ஜன்னல், கதவு தலைக்கு மேல் ஓடும் லிண்டல் கான்கிரீட். வீட்டு மூலையில் நிற்கும் பில்லர். மூன்றாவது நம் ஊர்ச் சிறப்பான கருங்கல். உலகத்துக்கெல்லாம் கிரானைட் அனுப்பும் மாவட்டத்தில் ஆணி அடிக்கச் சுவர் இல்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கான்கிரீட் என்றால் ஹாமர் உள்ள டிரில் கட்டாயம். முதலில் 5 மி.மீ. பிட்டால் வழி போட்டு, பிறகு 6 மி.மீ. பிட்டால் பெரிதாக்குங்கள். உடம்பு எடையைப் போட்டு அழுத்தினால் பிட் சூடேறி முனை மழுங்கும். பத்து விநாடி ஓட்டுங்கள், வெளியே எடுங்கள், ஆறவிடுங்கள். தூளில் வெள்ளிச் சுருள்போல் பளபளப்பு தெரிந்தால் கம்பியில் மோதிவிட்டீர்கள். வீம்புக்கு நிற்காமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போங்கள்.

கருங்கல் கட்டுச் சுவரில் கல்லோடு மோத வேண்டாம். இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து போன கோட்டைத் தேடி அதில் துளையிடுங்கள். கோடு நமக்கு வேண்டிய இடத்தில் இருக்காதே? இருக்காது. அதனால்தான் பழையபேட்டை வீட்டில் அப்பா சுவர் நீளத்துக்கு ஒரு தேக்கு ரீப்பரை, அதாவது ஒல்லியான நீள மரச் சட்டத்தை, சாந்துக் கோடுகளில் மூன்று இடத்தில் பிடித்து வைத்தார். படங்கள் எல்லாம் அந்த ரீப்பரில் தொங்கின. எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், இறக்கலாம், சுவருக்குப் புதுக் காயம் இல்லை. இன்றைக்கும் கல் வீட்டுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. கல்பலகைகளை நிறுத்திக் கட்டிய சுவராக இருந்தால் பலகை ஓரத்தில் துளையிடவே கூடாது, விரிசல் ஓடிவிடும்.

எந்தச் சுவரானாலும் ஒரு எச்சரிக்கை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை வேண்டாம். ஒயர் குழாய் அந்தக் கோட்டில்தான் ஓடும். குளியலறைக்குப் பின்சுவர் என்றால் குழாய் எங்கே போகிறது என்று கட்டினவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலையில் நேராக்கினால் சாயங்காலம் சாய்ந்திருக்கிறது

ஒற்றை ஆணியில் மாட்டிய படம் தராசு மாதிரி. கதவை ஓங்கிச் சாத்தினாலும் நகரும், துடைக்கும் கை பட்டாலும் நகரும். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் ராத்திரி முழுக்க லாரி போகும் அதிர்வு, குவாரிப் பக்கத்து ஊர்களில் வெடி வைக்கும் அதிர்வு. எங்கள் வீட்டில் ஒரு படம் வாரா வாரம் தவறாமல் பெங்களூரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

மருந்து இரண்டு ஸ்க்ரூ. படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டு இரண்டையும் ஒரே மட்டத்தில் அடித்து, பின்பக்கக் கம்பியை இரண்டின் மீதும் உட்காரவையுங்கள். மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரிகள் பார்ப்பதுபோல ஒல்லியான தெளிந்த குழாயில் தண்ணீர் ஊற்றி இரு முனையையும் பிடித்துப் பார்க்கலாம். கைப்பேசியிலும் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் கேமரா புடைத்துக்கொண்டிருக்கும் பக்கத்தைச் சட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தப்பு சொல்லாதீர்கள்.

ரசமட்டம் சரி என்று சொல்லியும் கண்ணுக்குக் கோணலாகத் தெரிகிறதா? சீலிங்கோ ஜன்னல் சட்டமோ கோணலாக இருக்கும். அப்போது கண்ணை நம்புங்கள், பக்கத்து ஜன்னலுக்கு இணையாக வையுங்கள். வருகிறவர் யாரும் ரசமட்டத்தோடு வருவதில்லை.

சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு சிறு ரப்பர் பொட்டு ஒட்டினால் நழுவுவது இன்னும் குறையும். பின்னால் காற்றும் போய் வரும்.

படம் தலை குனிந்து நிற்கிறது

பின்னால் கம்பி கட்டும் வளையங்கள் நடுவில் இருக்கின்றன. சட்டத்தின் உயரத்தில் மேலிருந்து கால்வாசி இறக்கத்துக்கு அவற்றை மாற்றுங்கள், கம்பியைத் தொங்கவிடாமல் கட்டுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் பழைய வீடுகளில் வேண்டுமென்றேதான் அப்படிக் குனியவைத்திருப்பார்கள். கதவுக்கு மேலே வரிசையாகத் தாத்தா பாட்டி படங்கள், சாமி படங்கள், ரவி வர்மா அச்சகத்துப் படங்கள். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் நம் பக்கத்து வீடுகளில் மூன்று தலைமுறை பார்த்தவை. அடியில் ஒரு ரீப்பர் தாங்கும், மேலே கயிறு இழுத்துப் பிடிக்கும், படம் நம்மைப் பார்த்துக் குனிந்திருக்கும். எல்லோரும் பாயில் உட்கார்ந்த காலம் அது. கீழிருந்து பார்க்கிறவன் முகத்துக்கு நேராகப் படம் திரும்பியிருந்தது. ஜன்னல் வெளிச்சமும் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்தவில்லை. பிற்பாடு நாம் உயரத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, குனிவை விட்டுவிட்டோம்.

உயரமாகத் தெரிகிறது, சின்னதாகத் தெரிகிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். உயரத்தில் மாட்டினால் சின்னதாகத்தான் தெரியும்.

ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதியைத் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வைப்பது வழக்கம். நின்று பார்க்கிறவர் கண் உயரம் அது. வராந்தா, மாடிப்படி, நடக்கும் இடங்களுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். ஹாலில் நாம் நிற்பதில்லை, உட்காருகிறோம். அங்கே நடுப்பகுதி 50 அங்குலம் பக்கம் இறங்கினாலும் அழகாகத்தான் இருக்கும். சோபாவுக்கு மேலே என்றால் சோபா முதுகுக்கும் சட்டத்துக்கும் 6 முதல் 8 அங்குலம் போதும். சாய்ந்து உட்காருகிறவர் தலை முட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆணி எங்கே என்பதற்குச் சின்னக் கணக்கு. படம் 24 அங்குல உயரம், நடு 57-ல் வர வேண்டும். பாதி உயரம் 12-ஐக் கூட்டினால் 69. கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, விரலிலிருந்து சட்டத்தின் மேல் ஓரம் வரை அளந்தால் 3 அங்குலம். அதைக் கழித்தால் 66. அங்கேதான் ஆணி. இந்த 3 அங்குலத்தை மறந்துதான் எல்லோரும் இரண்டாவது துளை போடுகிறார்கள். நானும்தான். இரண்டு ஸ்க்ரூ என்றால் கம்பியை இரண்டு விரலால் அதே இடைவெளியில் இழுத்து அளக்க வேண்டும்.

அகலத்துக்கு, அடியில் இருக்கும் சோபா அல்லது கட்டிலின் மூன்றில் இரண்டு பங்கு. ஆறடி சோபா என்றால் நாலடிக்குப் படம். அவ்வளவு பெரிய படம் இல்லையென்றால் நாலைந்து சின்னப் படங்களை இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் நெருக்கமாக வைத்து ஒரே படமாகப் பாவித்துக்கொள்ளுங்கள். தந்தித் தாளை அதே அளவுக்கு வெட்டி, டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். டீ குடிக்கும்போது, கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றும்போது, எல்லா நேரத்திலும் கண்ணில் படட்டும்.

சாமி படங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "சாமிய இப்பிடிக் கீழ எறக்கிப் போட்டா என்ன கண்ணு அர்த்தம்?" என்றார் அம்மா. அந்தச் சுவரை அவரிடமே விட்டுவிட்டேன்.

கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிகிறது

படத்தை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மேலே சொன்ன பழைய குனிவைக் கொஞ்சம் கொண்டுவாருங்கள். மங்கல் கண்ணாடி போடலாம் என்பார்கள். அது படத்தை ஒட்டியிருந்தால் சரி, நடுவில் இடைவெளி வந்தால் படமே புகைமூட்டமாகிவிடும். கான்வாஸில் அச்சிட்ட படத்துக்குக் கண்ணாடியே தேவையில்லை.

படம் விழுந்துவிட்டது

ஆணி சுவரிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் குற்றவாளி கயிறு. நைலான் கயிறு வருடக்கணக்கில் வெயிலும் சூடும் பட்டு நொறுங்கும். சணல் கயிற்றை எலி பார்த்துக்கொள்ளும். முறுக்கிய கம்பி போடுங்கள்.

எடையை யாரும் கணக்கிடுவதில்லை. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. இரண்டடிக்கு மூன்றடிப் படத்தில் கண்ணாடி மட்டுமே ஐந்தரைக் கிலோ, சட்டமும் பின்பலகையும் தனி. அதே அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் என்றால் இரண்டு கிலோதான். குழந்தை படுக்கும் கட்டிலுக்கு மேலே எனக்குக் கண்ணாடிப் படமே வேண்டாம். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை, சுண்ணப் பூச்சு, கல், கனமான சட்டம் எல்லாம் சேர்ந்து எடை கூடும். 8 மி.மீ. பிளக் இரண்டு இல்லாமல் மாட்டாதீர்கள்.

ஆணியும் சேர்ந்து வந்திருந்தால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள். டபுள் டேப்பில் ஒட்டியது விழுந்ததா? டேப் சுவரைப் பிடிக்கவில்லை, பெயிண்டைத்தான் பிடித்திருந்தது. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் டேப் வேலைக்காகாது.

உள்ளே கறை, புள்ளி, நெளிவு

கறை எங்கே தொடங்குகிறது என்பதை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

பின்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை, சுவரில் உப்பு பூத்து பெயிண்ட் பொரிந்திருக்கிறது என்றால் சுவரில் ஓதம். சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் ஈரம் பூத்தால் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் பூத்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரில் ஓதம் என்றால் படத்தை வேறு சுவருக்கு மாற்றுவது ஒன்றே வழி. ஐப்பசி மழையில் இந்தச் சோதனை செய்தால் பதில் தெளிவாகக் கிடைக்கும்.

கறை கீழ் ஓரத்திலிருந்து மேலே ஏறினால் அது நம் கைவேலை. வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடியில் தண்ணீர் தெளித்துப் பழைய பொட்டைத் துடைக்கிறோம். தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கிச் சட்டத்தின் கீழ்ப் பள்ளத்தில் நிற்கிறது. படத்தாள் அதைத் திரிபோல் உறிஞ்சுகிறது. எங்கள் வீட்டு முருகன் படத்தில் வேல் பிடித்த கைக்குக் கீழே எல்லாம் பழுப்பு, குங்குமம் கரைந்த சிவப்புக் கரையோடு. துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும், கண்ணாடியில் நேராகத் தெளிக்க வேண்டாம்.

வளைந்து வளைந்து அரித்ததுபோல் இருந்தால் ராமபாணப் பூச்சி. பசையும் காகிதமும் அதற்கு விருந்து. பின்பலகை ஓரங்களைப் பழுப்புக் காகித டேப்பால் நாலு பக்கமும் மூடச் சொல்லுங்கள். பல்லி முட்டைக்கும் அதுவே தடை.

நிறம் போய்விட்டது

மேற்குச் சுவர் ஜன்னல் வழியாகச் சித்திரை வெயில் விழும் இடத்தில் எந்தப் படமும் தாங்காது. போன நிறம் திரும்பாது. அச்சடிக்கக் கொடுக்கும்போது பிக்மென்ட் மை என்று கேட்டு வாங்கினால் கூட நாள் வரும். அம்மா அப்பா கல்யாண போட்டோ போல ஒரே பிரதி உள்ளதை ஸ்கேன் செய்து, பிரதியைச் சுவருக்கும் அசலை பீரோவுக்கும் அனுப்புங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பார்க்கப் பிடிக்கவில்லை

இதற்கு டிரில்லால் மருந்து கிடையாது. பெரும்பாலும் அந்தப் படத்தை நாம் தேர்ந்தெடுக்கவே இல்லை, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது. ஏழு குதிரைப் படம் எங்களுக்கு மூன்று வந்தது. கொடுத்தவர் வரும்போது தெரிய வேண்டுமே என்று மூன்றையும் மாட்டி, ஹாலில் இருபத்தொரு குதிரை ஓடிக்கொண்டிருந்தன. இப்போது ஒன்று மட்டும் மாடிப்படியில் ஓடுகிறது.

குதிரைதான் வேண்டும் என்றால் பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை வண்ணத்தில் குதிரையேறிய மனிதர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன, வில்லும் வாளுமாக வீரர்கள். அதியமான்கோட்டைப் பெருமாள் கோயிலில் மண்டப விதானத்தில் ராமாயண, பாரத ஓவியங்கள். அனுமதி கேட்டு நீங்களே ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுப் பாருங்கள். ஒகேனக்கல் அருவிதான் வேண்டுமென்றால் சரி, ஆனால் அதில் பரிசல்காரர் ஒருவராவது இருக்கட்டும். வெறும் தண்ணீர் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

வாங்கும் முன் சுவரின் நிறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடை வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்த மஞ்சள், நம் ஹாலின் பச்சைச் சுவரில் மஞ்சள்காமாலை ஆகிவிடும். சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் வெள்ளை அட்டை விட்டுச் சட்டம் போட்டால், எந்த நிறச் சுவரானாலும் படம் தனியாக மூச்சுவிடும்.

பழைய ஓட்டைகளை என்ன செய்வது?

ஆணியை நேராக இழுக்காதீர்கள், பூச்சும் வரும். குறடால் பிடித்துத் திருகித் திருகி எடுங்கள், சுவரில் ஒரு அட்டைத் துண்டை வைத்து அதன் மேல் குறடு ஊன்றட்டும். ஓட்டையில் தண்ணீர் தொட்டு, வெள்ளைச் சிமெண்டோ பட்டியோ கெட்டியாகக் குழைத்து அடைத்து, ஒருநாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மீந்த பெயிண்டைத் தொட்டு வையுங்கள். வாடகை வீட்டில் காலி செய்யும்போதும் இதேதான்.

எல்லா ஆணியையும் பிடுங்கிவிடாதீர்கள். காலண்டருக்கு ஒன்று எப்படியும் வேண்டும். அதை அடுப்படிக் கதவுக்குப் பின்னால், தினம் தாள் கிழிக்கும் கைக்கு எட்டும் உயரத்தில், நீங்களே முந்திக்கொண்டு அடித்துவிடுங்கள்.